மின்விசிறியில் சொட்டிய மழை: மொட்டை மாடித் தளத்தைப் பிரித்துப் போட்ட நான்கு மாதம்

இந்த வீட்டை நாங்கள் வாங்கியது சித்திரை வெயிலில். திருச்சியில், 1994-ல் கட்டிய தனி வீடு. ஒரே தளம், மொட்டை மாடி 30-க்கு 20 அடி. பதிவுத்துறை இணையதளத்தில் 30 வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தோம். தாய்ப்பத்திரம், பட்டா, வீட்டு வரி ரசீது, அனுமதி பெற்ற வரைபடம் எல்லாவற்றையும் வக்கீல் ஒரு வாரம் வைத்திருந்து படித்தார். தெருவில் மழைத் தண்ணீர் நிற்குமா, போர் தண்ணீர் உப்பா என்று அக்கம்பக்கத்தில் கேட்டோம். மாடிக்கும் ஏறினோம். காற்று நன்றாக வந்தது, தூரத்தில் மலைக்கோட்டை தெரிந்தது. பார்த்துவிட்டு இறங்கிவிட்டோம். நின்றுகொண்டிருந்த தளத்தை யாரும் குனிந்து பார்க்கவில்லை.

ஹாலில் சுவரெல்லாம் பழைய வர்ணம், கூரைக்கு மட்டும் புது வெள்ளை. அதுவே ஒரு தகவல் என்று இன்றைக்குத் தெரிகிறது.

ஐப்பசியில் அடைமழை பிடித்த மூன்றாம் நாள் ராத்திரி, ஹால் மின்விசிறியின் கிண்ணத்திலிருந்து சொட்டு விழுந்தது. அதற்கு முந்தைய வாரமே மின்கசிவுத் தடுப்பான் (மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இரண்டு முறை தானாக விழுந்திருந்தது. வந்து பார்த்த எலக்ட்ரீஷியன், ‘பழைய ஃபேன், மாத்துங்க’ என்றார், மாற்றினோம். தண்ணீர்தான் அதைத் தள்ளியிருக்கிறது என்பது சொட்டு விழுந்த பிறகுதான் புரிந்தது. மழை நாளில் மட்டும் அந்தத் தடுப்பான் விழுந்தால், பொருளைச் சந்தேகப்படுவதற்கு முன் கூரையைச் சந்தேகப்படுங்கள். அன்றைக்கு ஹால் சர்க்யூட்டை மட்டும் அணைத்து, கீழே வாளி வைத்துவிட்டுப் படுத்தோம். காலையில் விசிறியைச் சுற்றி ஒரு தாம்பாளம் அளவுக்குப் பழுப்புக் கறை. அதிலிருந்து கிழக்குச் சுவர் வரை பூச்சு உப்பியிருந்தது.

முதல் வைத்தியம் தப்பான வைத்தியம். நீர்க்கசிவு வேலை செய்யும் ஒருவரை அழைத்தோம். மழை விட்ட நான்கு நாள் வெயிலில் மாடி முழுக்க வெள்ளை ரப்பர் பூச்சு இரண்டு கை அடித்தார். உள்ளே உப்பிய பூச்சைச் சுரண்டி, பட்டி பார்த்து, ‘டேம்ப் ப்ரூஃப்’ வர்ணம் அடித்தார். 38,000 ரூபாய். பத்து வருடம் தாங்கும் என்றார். கார்த்திகைக் கடைசி மழையில் அதே விசிறியில் அதே சொட்டு. மாடியில் பூச்சு அங்கங்கே கொப்புளம் கொப்புளமாகத் தூக்கிக்கொண்டது. ஊசியால் குத்தினால் கொப்புளத்திலிருந்து தண்ணீர் வந்தது. தளத்துக்குள் ஏற்கெனவே ஊறிப்போயிருந்த ஈரத்தின் மேல் மூடி போட்டிருக்கிறோம். வெயில் அடித்ததும் அது ஆவியாகி, போக வழியில்லாமல் பூச்சைப் பிய்த்திருக்கிறது. பூச்சின் மேல் எனக்குக் குறையில்லை. ஈரமான தளத்தில், தண்ணீர் எங்கே இறங்குகிறது என்று தெரியாமல் அடித்ததுதான் பிழை. உள்பக்கம் அடித்த வர்ணம் முழுக்கவே வீண். மேலிருந்து வரும் தண்ணீரைக் கீழிருந்து தடுக்க முடியாது. அது வேறு இடம் தேடிப் போகும்.

அதன் பிறகுதான் ஒரு மேஸ்திரியைக் கண்டுபிடித்தோம். லால்குடிப் பக்கத்துக்காரர், அறுபதைத் தாண்டியவர். நான் பள்ளியில் வேலை பார்ப்பதால் அவருக்கு நான் டீச்சர். மாடியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ‘எவ்வளவு ஆகும்’ என்ற என் கேள்விக்குப் பதில் சொல்லாமல் சொன்னார்:

“சொட்டுற எடத்துக்கு நேர் மேல ஓட்டை இருக்கும்னு நெனைக்காதீங்க டீச்சர். தண்ணி எறக்கம் பாத்துப் போகும். மொதல்ல தண்ணி கட்டிப் பாப்போம். மழையெல்லாம் நிக்கட்டும், தை பொறந்ததும் வர்றேன்.”

தை பிறந்தது. தளம் மூன்று வாரம் வெயிலில் காய்ந்திருந்தது. மாடியின் குறுக்கே கலவையால் அரையடி உயரத்துக்கு இரண்டு வரப்பு கட்டி, மேற்கு, நடு, கிழக்கு என்று மூன்று பாத்தி பிரித்தார். வெளியேறும் குழாயைத் துணியும் களிமண்ணும் வைத்து அடைத்தார். ஹால் கூரையில் கறையின் ஓரத்தைப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் நேரமும் எழுதினேன். இந்தப் பென்சில் கோட்டுக்குச் செலவே இல்லை. இதை முன்பே செய்திருந்தால் 38,000 மிச்சம்.

சொட்டு விழுவது கிழக்குப் பாத்திக்குக் கீழே. அதனால் முதலில் கிழக்கில் இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தினோம். இரண்டு அங்குலத் தண்ணீர் சதுர அடிக்கு 5 கிலோவுக்குள்தான் வரும், தளம் தாங்கும். ஆனால் ஆசைப்பட்டு அரையடிக்கு நிறுத்தக் கூடாது. 48 மணி நேரம். கோடு அசையவில்லை. வடித்துவிட்டு நடுப் பாத்தி. அதற்கும் 48 மணி நேரம். அசையவில்லை. எனக்கு நம்பிக்கை போய்விட்டது. மேற்குப் பாத்தியில் நிறுத்திய மறுநாள், சுமார் 30 மணி நேரத்தில், விசிறிக் கிண்ணத்தின் விளிம்பில் முத்து மாதிரி ஒரு துளி திரண்டு நின்றது. மேற்குப் பாத்தியின் விளிம்பு அங்கிருந்து 14 அடி தள்ளி இருக்கிறது.

மேஸ்திரி அதோடு நிற்கவில்லை. ஐந்து நாள் காயவிட்டு, படிக்கட்டு அறையின் சுவர் ஓரமாக மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு வரப்புக் கட்டித் தண்ணீர் விட்டார். ஆறு மணி நேரத்தில் துளி. ஆக, தண்ணீர் இறங்குவது படிக்கட்டு அறைச் சுவரும் தளமும் சேரும் மூலையில். 600 சதுர அடியில் குற்றவாளி இருந்தது 8 அடி நீளத்துக்கு ஒரு கோடு.

‘அந்த எட்டடியை மட்டும் சரிசெய்தால் போதாதா’ என்று என் கணவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் மழைநீர்க் குழாயின் வாயில் இருந்தது. மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு, கிழக்குக் கைப்பிடிச் சுவரில் குழாய் தொடங்கும் இடத்தில் மண்ணைச் சுரண்டிக் காட்டினார். வெட்டி வைத்த கேக் மாதிரி அடுக்கு அடுக்காகத் தெரிந்தது. கான்கிரீட், அதன் மேல் செங்கல் ஜல்லித் தளம், அதன் மேல் தட்டோடு (மாடியில் பதிக்கும் தட்டையான சுட்ட மண் ஓடு), அதன் மேல் ஓர் அங்குலச் சிமெண்டுக் கலவை, அதன் மேல் இன்னொரு வரிசைத் தட்டோடு, அதற்கு மேல் எங்கள் வெள்ளைப் பூச்சு. முன்பு எப்போதோ ஒழுகியபோது, பழைய ஓட்டைப் பெயர்க்காமல் அதன் மேலேயே புது ஓடு பதித்திருக்கிறார்கள்.

இதில் இரண்டு கெடுதல். ஒன்று, எடை. கலவையும் ஓடும் சேர்ந்து சதுர அடிக்கு 8, 9 கிலோ வரும். 600 சதுர அடிக்கு ஏறத்தாழ 5 டன், தேவையில்லாமல் தலைக்கு மேல். இரண்டாவது, மேல் ஓடு போட்டபோது குழாயின் வாய் பாதி அடைபட்டுவிட்டது. 600 சதுர அடி மாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் 5,500 லிட்டருக்கு மேல். அது அத்தனையும் பாதி அடைபட்ட ஒரே குழாய் வழியே போயாக வேண்டும். போகாத தண்ணீர் நிற்கும், நின்ற தண்ணீர் மூலையைத் தேடும். பிரித்துவிடுவது என்று முடிவு செய்தோம்.

மாசி முதல் வாரத்தில் இடிப்பு தொடங்கியது. பக்கத்து வீட்டில் இடிக்கும் இயந்திரம் வைத்திருந்தார்கள், வாடகைக்குக் கேட்கலாமா என்றேன். “வேணாம் டீச்சர், அஞ்சங்குலக் கான்கிரீட்டு, அதிர்ச்சியில முடி மாதிரி வெடிச்சிரும்” என்று மேஸ்திரி தடுத்துவிட்டார். உளியும் சுத்தியலும்தான். இரண்டு ஆள், இரண்டு சித்தாள், ஆறு நாள். இடிபாட்டை ஒரு மூலையில் குவிக்க விடவே இல்லை. குவியல் ஒரே இடத்தில் பாரம் ஏற்றும் என்று, சாக்கில் அள்ளி அன்றன்றைக்கே கயிற்றில் இறக்கினார்கள்.

படிக்கட்டு அறை ஓரத்தைப் பிரித்த அன்று நான் விடுப்பு எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். முதல் தட்டோடு போட்ட காலத்தில் சுவரும் தளமும் சேரும் மூலையை வளைவாகப் பூசி முடித்திருந்தார்கள், முறையாக. இரண்டாவது ஓடு போட்டவர்கள் அந்த வளைவைப் புதைத்துவிட்டு, ஓட்டைச் சுவரில் நேராக முட்டவிட்டு நிறுத்தியிருந்தார்கள். வெயிலில் தளம் விரியும், ராத்திரியில் சுருங்கும். சுவர் அதே அளவில் அசையாது. அந்த முட்டில் தலைமுடி அகலத்துக்கு ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில் ஓர் அரசங்கன்று. மேலே இருந்ததை யாரோ கிள்ளிப் போட்டிருக்கிறார்கள். வேர் ஓட்டுக்கடியில் மூன்றடி ஓடியிருந்தது, இன்னும் பச்சையாக. வேர் போன வழியெல்லாம் ஜல்லித் தளம் பொடிந்து சேறாகியிருந்தது. அந்தச் சேற்றுக்கு நேர் கீழே, கான்கிரீட்டுக்குள் புதைத்த மின்கம்பிக் குழாயின் இணைப்புப் பெட்டி. அதன் மூடி உடைந்திருந்தது. தண்ணீர் அந்தக் குழாய்க்குள் இறங்கி, 14 அடி உள்ளேயே நடந்து, ஹால் விசிறிக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அரசம்வேரை மொத்தமாக உருவிய பிறகுதான் மேஸ்திரி டீ குடிக்கப் போனார். துண்டு மிஞ்சினாலும் மறுபடி தழைக்குமாம். மாடியில் அரசோ ஆலோ முளைத்தால் கிள்ளாதீர்கள். ஓர் ஓட்டைப் பெயர்த்தாவது வேரோடு எடுத்துவிடுங்கள்.

கான்கிரீட் வெளியே தெரிந்ததும் ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்துக் காட்டினோம். மேஸ்திரியின் அனுபவம் பெரிது, ஆனால் கம்பி விஷயத்தில் கணக்குத் தெரிந்தவர் ஒரு முறை பார்ப்பது நல்லது. அவர் கீழே ஹாலில் நின்று சிறிய சுத்தியலால் கூரையைத் தட்டித் தட்டிப் போனார். நல்ல இடத்தில் கணீரென்று கேட்கிறது, கெட்ட இடத்தில் பொத்தென்று. பொத்தென்ற இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டமிட்டார். விசிறியின் கிழக்கே இரண்டடி நீளத்தில் மூன்று கம்பிகள் துருப்பிடித்து, கான்கிரீட்டைத் தள்ளிக்கொண்டிருந்தன. இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருக்கும். உப்பிக் கீழே விழுவது அதனால்தான். விழுந்த இடத்தில் வெறும் சிமெண்டை அப்பினால் உள்ளே துரு நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், அடுத்த வருடம் பெரிய பாளமாக விழும்.

சவுக்குக் கட்டைகளால் முட்டுக் கொடுத்துவிட்டு, கம்பிக்குப் பின்னால் விரல் போகும் அளவுக்குக் கான்கிரீட்டைக் கொத்தினார்கள். கம்பித் தூரிகையால் வெள்ளி நிறம் வரும் வரை தேய்த்து, துத்தநாகம் கலந்த பிரைமர் அடித்து, ஒட்டுப்பசை பூசி, அது காய்வதற்குள் பாலிமர் கலந்த கலவையை அடுக்கடுக்காக வைத்து அடைத்தார்கள். ஒரு கம்பி கால்வாசிக்கு மேல் அரிபட்டிருந்ததால் அதன் பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்துக் கட்டச் சொன்னார் பொறியாளர். அந்த இணைப்புப் பெட்டிக்கு வந்த மின்கம்பிகளை எல்லாம் உருவிவிட்டு, ஹாலுக்குச் சுவர் வழியே புதிதாக லைன் இழுத்தோம். பழைய குழாயின் இரண்டு முனையையும் அடைத்தாயிற்று.

மேலே, தளத்தின் விரிசல்களை ‘வி’ வடிவில் கீறி அடைத்தோம். மூலைகள் எல்லாவற்றையும் வளைவாகப் பூசினோம். பிறகு சிமெண்டும் பாலிமரும் கலந்த பூச்சு, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கை, கைப்பிடிச் சுவரிலும் படிக்கட்டு அறைச் சுவரிலும் ஓரடி உயரம் ஏற்றி. காய்ந்ததும் மறுபடி 48 மணி நேரம் தண்ணீர் கட்டினோம். ஜல்லித் தளம் போடுவதற்கு முன்னால் இந்தச் சோதனையைச் செய்தே ஆக வேண்டும். போட்ட பிறகு ஒழுகினால் மறுபடி உளிதான். கீழே பென்சில் கோடு அப்படியே இருந்தது.

மேற்குப் பக்கமும் நான்கு அங்குலத்தில் இரண்டாவது குழாய் வைத்தோம். கிழக்குக் குழாயின் வாயையும் நான்கு அங்குலமாகத் திறந்தோம். இரண்டும் கீழே மழைநீர்த் தொட்டிக்குப் போகின்றன. 2003-ல் அரசு எல்லா வீட்டுக்கும் கட்டாயம் என்று சொன்னபோது கட்டிய தொட்டி, மணல் மூடிக் கிடந்தது. தூர்வாரி, புதிதாகக் கருங்கல் ஜல்லி போட்டோம்.

இனி சுண்ணாம்பு, அதாவது பெயர்த்தெடுத்த செங்கல் ஜல்லித் தளத்துக்குப் பதிலாகச் சுண்ணாம்பு கலந்து புதுத் தளம் போடும் வேலை. இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன், ஏனென்றால் செய்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இப்போது வெள்ளைக் குளிர் ஓடு, பூச்சு என்று இரண்டு நாளில் முடியும் வழிகள் பல உண்டு. அவசரத்துக்கு அவை உதவும். எங்களுக்கு நாள் இருந்தது, செய்யத் தெரிந்த ஆளும் இருந்தார்.

பொதுப்பணித் துறை வேலைகளில் இந்தத் தளத்துக்கு 32 பங்கு செங்கல் ஜல்லிக்கு 12½ பங்கு நீற்றிய சுண்ணாம்பு என்று கணக்கு. மணல் கிடையாது. எங்களுக்கு 2 யூனிட் ஜல்லி, அதாவது 200 கன அடி பிடித்தது, அதற்கு ஏற்ற சுண்ணாம்பு. ஜல்லி முக்கால் அங்குலம், நன்றாக வெந்த செங்கல்லில் உடைத்தது. வேகாத கல் தண்ணீர் பட்டதும் கரையும், கருகிய கல்லில் சுண்ணாம்பு பிடிக்காது. வந்து இறங்கிய லோடில் ஒரு பகுதி வேகாத கல். மேஸ்திரி ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டுக் காட்டிவிட்டு, திருப்பி அனுப்பச் சொன்னார். அனுப்பினோம், இரண்டு நாள் தாமதம்.

சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டபோது கொதித்து ஆவி எழும்பியது. பிள்ளைகளைக் கிட்டவே விடாதீர்கள். வேலை செய்பவர்களுக்குக் கண்ணாடியும் கையுறையும் கொடுங்கள். கண்ணில் தெறித்தால் யோசிக்காமல் நல்ல தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்து மருத்துவரிடம் போக வேண்டும். நீற்றியதைச் சலித்து, கட்டி நீக்கி, மூன்று நாள் ஊறவைத்தார்கள். ஜல்லியையும் முந்தைய ராத்திரியே தண்ணீரில் நனைத்துப் போட வேண்டும். காய்ந்த ஜல்லி சுண்ணாம்பின் ஈரத்தைக் குடித்துவிடும்.

தளத்தைத் தட்டும்போது தெளிக்கும் தண்ணீருக்குக் கடுக்காயும் வெல்லமும் தனியாக. 200 லிட்டர் டிரம்மில் இடித்த கடுக்காய் 5 கிலோ, பனைவெல்லம் 5 கிலோ, பத்து நாள் ஊறியது. நுரைத்து, கள்ளு வாடை வந்தது. கடுக்காயை இடிக்கும்போது என் மாமியார் வந்து, “கொட்டைய எடுத்துட்டு இடிங்க, கடுக்காய்க்கு அகம் நஞ்சு, சுக்குக்குப் புறம் நஞ்சு” என்றார். “அது வயித்துக்குப் போறதுக்கும்மா, மாடிக்கு இல்ல” என்று மேஸ்திரி சொன்னாலும், அத்தை பக்கத்தில் உட்கார்ந்து பாதிக் கொட்டையை அவரே பொறுக்கி எடுத்துவிட்டார்.

கலவையை மூன்று நாள் புரட்டிப் புரட்டி வைத்துவிட்டு, மாடியில் விரித்தார்கள். தண்ணீர் ஓடுவதற்கான வாட்டம்தான் உயிர். மாடியின் நடுவில் மேடு, அங்கிருந்து கிழக்கே 10 அடி, மேற்கே 10 அடி, இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குலச் சரிவு. நடுவில் கனம் 4 அங்குலம், குழாய் ஓரத்தில் 2½. நூல் கட்டி, மட்டக் குழாயில் தண்ணீர் வைத்து மூன்று முறை சரிபார்த்தார். கண்ணுக்குச் சமமாகத் தெரியும் மாடி தண்ணீருக்குச் சமமில்லை.

அதன் பிறகு தட்டுதல். ஆறு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, பலகை மாதிரி மரக்கட்டைகளால் கடுக்காய்த் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத் தட்டினார்கள். மூத்தவர் ஒருவர், அந்தக் காலத்தில் பாட்டு இல்லாமல் தட்டவே மாட்டோம் என்றார். முதல் நாள் கட்டை சதக் சதக்கென்று பதிந்தது. நான்காம் நாள் சத்தம் மாறியது. ஏழாம் நாள் அடித்த கட்டை கையை எகிறவைத்தது. கட்டை எகிறினால்தான் தளம் இறுகியதாக அர்த்தம், நாள் கணக்கு இரண்டாம்பட்சம். ஐந்தாம் நாளே முடித்துவிடலாம் என்று ஒருவர் சொன்னபோது மேஸ்திரி ஒப்பவில்லை, எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது அங்கேதான். கடைசியில் சுண்ணாம்புப் பாலைத் தெளித்துக் கரணையால் மெழுகினார்கள். பத்து நாள் நனைந்த வைக்கோலும் சாக்கும் மூடிக் காலையும் மாலையும் தண்ணீர் விட்டோம். சுண்ணாம்பு சிமெண்டு மாதிரி ஒரே நாளில் கெட்டிப்படாது. காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கி மெல்ல மெல்லக் கல்லாகத் திரும்புகிறது. பங்குனி வெயிலில் காயவிட்டால் வெடித்துவிடும் என்பதால், நனைக்கும் வேலையை நான் யாரிடமும் விடவில்லை.

தட்டோட்டுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் ஊறிய ஓடு, ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் கலவை, நீர்த்தடுப்பு மருந்து சேர்த்தது, இடுக்கெல்லாம் நிரப்பி அடைத்தது. சுவர் ஓரத்தில் ஓட்டை முட்டவிடாமல், வளைவாகச் சுவரில் ஏற்றிப் பூசினார். சித்திரை முதல் வாரம் வேலை முடிந்தது. இடிப்பு, கம்பி வேலை, பூச்சு, சுண்ணாம்பு, ஓடு, குழாய், கூலி எல்லாம் சேர்த்து 2,05,000 ரூபாய் ஆயிற்று. அதில் பாதிக்கு மேல் கூலி. மின்சார வேலை தனி.

ஒவ்வொரு நாளும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். கான்கிரீட்டில் விரிசல் எங்கே இருந்தது, எங்கே புதுக் கம்பி சேர்த்தோம், பழைய மின்குழாய் எங்கே அடைபட்டிருக்கிறது, ஓட்டுக்கடியில் என்ன இருக்கிறது எல்லாம் தேதியோடு ஒரு கோப்பில். வீட்டுப் பத்திரத்தோடு அதையும் வைத்திருக்கிறோம். என்றைக்காவது விற்றால், வாங்குபவர் கையில் அதுவும் போகும்.

ஐப்பசி வந்தது. முதல் கனமழை ராத்திரி இரண்டு மணிக்குப் பிடித்தது. குடையோடு மாடிக்கு ஏறினேன். மேட்டிலிருந்து தண்ணீர் இரண்டாகப் பிரிந்து, இரண்டு வாய்க்கும் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது, எங்கும் நிற்கவில்லை. கீழே வந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பென்சில் கோட்டை அழித்து வர்ணம் அடிக்க என் கணவர் அவசரப்பட்டார். ஒரு மழைக்காலம் முழுசாகப் போகட்டும் என்று சொல்லிவிட்டேன். கோடு இன்னும் இருக்கிறது. சமையலறை ஜன்னலுக்கு மேல் சன்ஷேடில் ஒரு கம்பி தெரிகிறது, அது பாக்கி.

கார்த்திகையில் என் நாத்தனார் குடும்பம் தஞ்சாவூரில் ஒரு பழைய வீடு பார்த்தது. ‘அண்ணி, நீங்களும் வாங்க’ என்று கூப்பிட்டார்கள். பத்திரங்களை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள், நான் ஏணியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு போனேன். மழை விட்ட மறுநாளாகப் பார்த்துப் போனோம். ஒவ்வோர் அறையிலும் விசிறிக் கிண்ணத்தைச் சுற்றிப் பார்த்தேன். பரணில் ஏறிக் கூரையைத் தொட்டுப் பார்த்தேன். பரண் மேலே யாரும் வெள்ளை அடிப்பதில்லை, அங்கே உண்மை தெரியும். அலமாரியை நகர்த்திப் பின்சுவரில் கை வைத்தேன். மாடியில் குழாயின் வாயைச் சுரண்டி அடுக்கை எண்ணினேன். அங்கேயும் இரண்டு தட்டோடு. நடுவில் ஒரு பாய் அகலத்துக்குத் தண்ணீர் நின்றது, கைப்பிடிச் சுவரின் அடியில் பாசி. கம்பி எங்கும் தெரியவில்லை, தட்டிய இடமெல்லாம் சத்தம் நன்றாக இருந்தது.

வீட்டுக்காரப் பெரியவர் என்னோடேயே ஏறி வந்தவர், “அஞ்சு வருஷமாச் செய்யணும்னு நெனைச்சேன்மா, முடியல” என்று சொன்னார். மறைக்கவில்லை. தளத்தைப் பிரித்துப் போட ஆகும் செலவைக் கணக்குப் போட்டு, விலையில் அதைக் கழித்துப் பேசினோம். ஒப்புக்கொண்டார். போன வாரம் பதிவு முடிந்தது. மாசியில் வேலை என்று மேஸ்திரியிடம் சொல்லிவைத்திருக்கிறேன். தை கடைசியில் கடுக்காய் ஊறப்போட ஞாபகப்படுத்தச் சொன்னார்.